நாற்பதில் நின்ற முள்

போன மழைக்காலத்தில் ஒரு காலை, 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி டிஸ்பென்சரில் கவிழ்க்கப் போனபோது குறுக்கில் சுளீரென்று பிடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நங்கநல்லூரில் மூன்றாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. இரண்டு நாள் தைலமும் வெந்நீர் ஒத்தடமுமாகப் போனது.

மூன்றாம் நாள் மெல்ல இறங்கி எலும்பு டாக்டரிடம் போனேன். கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா என்று கேட்டார், காலைத் தூக்கிப் பார்த்தார். அந்த அறிகுறிகள் இல்லாததால் இப்போதைக்கு எம்.ஆர்.ஐ தேவையில்லை, படுத்தே கிடக்காமல் நடமாடுங்கள் என்றார்.

வலி கொஞ்சம் அடங்கியதும் அவசரப்பட்டேன். வீடியோ பார்த்து, பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சி முறையில் வரும் 'ஹண்ட்ரட்' பயிற்சியைச் செய்ய ஆரம்பித்தேன். மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் தூக்கிக்கொண்டு, 100 எண்ணும் வரை கைகளை மேலும் கீழும் அசைக்க வேண்டும். நான்காம் நாள் செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியவில்லை.

அப்புறம்தான் ஆதம்பாக்கத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். என்னைவிடச் சின்னப் பெண். "ஹண்ட்ரட் எல்லாம் பிறகு பார்க்கலாம் அக்கா. முதலில் மூச்சு" என்றார். 1883-ல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ், தன் பயிற்சிமுறைக்கு 'கன்ட்ராலஜி' என்றுதான் பெயர் வைத்தாராம். அதில் கன்ட்ரோல் இருப்பதை நான் கவனிக்கவே இல்லை.

பாயில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கச் சொன்னார். பிரஷர் பார்க்கும் பட்டை மாதிரி ஒரு காற்றுப் பையை இடுப்புக்கு அடியில் வைத்து, அதன் மீட்டரில் முள் 40-க்கு வரும் வரை காற்றடித்தார். மூச்சை விட்டுக்கொண்டே அடிவயிற்றை லேசாக உள்ளே வாங்கி, ஒரு காலை மட்டும் தூக்க வேண்டும். முள் அசையக் கூடாது, அவ்வளவுதான். முதல் தடவை பாதம் தரையை விட்டு எழும்பும் முன்பே முள் ஆடியது. வயிற்றை எக்கிப் பிடித்து மூச்சை அடக்கினால் இன்னும் மோசம். முதுகெலும்பை ஒட்டிய சின்னத் தசைகளும் வயிற்றின் ஆழத்தில் இருக்கும் தசையும் சேர்ந்து முதுகைத் தாங்கக் கற்க வேண்டும் என்றார். முள் 40-லேயே நிற்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

பிறகு இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், முட்டி போட்டு எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது என்று வளர்ந்தது. வாரம் இரண்டு நாள் அங்கே, மற்ற நாளில் வீட்டில் 15 நிமிடம். நடுவில் வேளச்சேரி வரை பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய் வந்ததில் வலி திரும்பியது. அழுகையே வந்துவிட்டது. ஒரு படி இறங்கி, பழைய பயிற்சியிலிருந்து தொடங்கினோம்.

பிலாட்டிஸ்தான் ஒரே வழியா என்று கேட்டேன். சும்மா இருப்பதைவிடப் பலன் உண்டு, ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட உயர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2015 ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது என்றார். விடாமல் செய்யக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள் என்றும் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

நான்காவது மாதம் பாதி நிரப்பிய கேன் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எனக்குக் கை நடுங்கியது. முட்டியை மடக்கி, கேனை உடம்போடு அணைத்து, மூச்சை விட்டபடி எழுந்தேன். வலிக்கவில்லை. கீழே வைத்துவிட்டு, அவர் சொல்லாமலே இன்னொரு முறை தூக்கினேன்.