வேலைநிறுத்தத்தைவிட மெதுவோட்டம் மோசம்

சரக்கு ரயில் நின்றால் செய்தியாகிறது. மெதுவாக ஓடினால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு வேகன் சரக்கேற்றி, இறக்கி, காலியாகத் திரும்ப 10 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 15 நாளானால், அதே வேகன்களை வைத்துக்கொண்டு மூன்றில் இரண்டு பங்கு சரக்கைத்தான் நகர்த்த முடியும். ஒரு வேகன்கூடப் பழுதாகவில்லை, ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு திறன் போய்விட்டது.

லாரியில் அனுப்பலாமே என்பார்கள். 60 டன் ஏற்றும் வேகன்கள் 100 கொண்ட ரயில் ஒன்றுக்கு, 25 டன் லாரிகள் 240 வேண்டும். அத்தனை ஓட்டுநர்கள் எங்கே?

வேலைநிறுத்தத்தின் பாதிப்பும் அறிவித்த தேதியில் தொடங்குவதில்லை. குளோரின், அம்மோனியா போன்றவற்றை வழியில் காவலின்றி விடமுடியாது என்பதால் அவற்றை ஏற்றுவதை முன்கூட்டியே நிறுத்துவார்கள். கனடாவின் இரு பெரிய ரயில் நிறுவனங்களும் 2024 ஆகஸ்ட் 22 அன்று ஒரே நேரத்தில் கதவடைப்பு செய்தபோதும் இதுதான் நடந்தது. குடிநீர்ச் சுத்திகரிப்புக்குக் குளோரின் வேண்டும் என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

அடுத்த அடி நிலக்கரி மின் நிலையங்களுக்கு. கையிருப்பு எத்தனை நாளோ அத்தனை நாள்தான் அவகாசம். சேமிக்க இடமில்லாத சுரங்கமும் உற்பத்தியைக் குறைத்துவிடும்.

பேச்சுவார்த்தை முடிந்தாலும் காலி வேகன்கள் வேண்டாத இடத்தில் கிடக்கும், யார்டுகள் அடைத்திருக்கும், துறைமுகத்தில் கன்டெய்னர்கள் குவிந்திருக்கும். சில நாள் நிறுத்தத்தைச் சரிசெய்ய வாரங்கள் பிடிக்கும். தாமதமான எஃகு பின்னால் விற்றுவிடும்; விதைப்புக் காலம் தாண்டி வந்த உரம் அந்தப் பருவத்துக்கு உதவாது.