கோர்ட் கோபுரத்தில் ஒரு மரம்

இண்டியானாபோலிஸிலிருந்து சின்சினாட்டிக்குக் காரில் போகிறவர்கள் கிரீன்ஸ்பர்க் என்ற ஊரைக் கவனிக்காமலே தாண்டிவிடலாம். அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தின் தென்கிழக்கில், சுமார் 12,000 பேர் வாழும் ஊர். நானும் இரண்டு மூன்று தடவை அப்படித்தான் தாண்டியிருக்கிறேன். போன முறை காபிக்காக உள்ளே இறங்கி, நடுச் சதுக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினால், கோர்ட் கட்டடத்தின் கோபுர உச்சியில் ஒரு மரம் நிற்கிறது. தொட்டி இல்லை, மண் கொட்டி யாரும் வளர்க்கவில்லை, நூறடிக்கு மேலே கூரை இடுக்கிலிருந்து அதுபாட்டுக்கு வெளியே வந்து நிற்கிறது.

இதைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அப்பர் கையிலிருந்த உழவாரம்தான். கோபுரத்தில் அரசங்கன்று முளைத்தால் அது வேர் விட்டுக் கல்லைப் பிளப்பதற்குள் பிடுங்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குடமுழுக்குக்குச் சாரம் கட்டினால் முதலில் கவனிக்கிற வேலைகளில் அதுவும் ஒன்று. இங்கே என்னடாவென்றால் அந்த மரத்தை வைத்தே ஊருக்கு ‘ட்ரீ சிட்டி’ என்று பட்டப்பெயர்.

கட்டடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இண்டியானாவில் மொத்தம் 92 கவுண்டிகள், நம் மாவட்டம் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைநகர், அந்தத் தலைநகரின் நடுவில் ஒரு கோர்ட், சுற்றி நான்கு பக்கமும் கடைகள். வழக்கு மட்டுமல்ல, நிலப்பதிவு, வரி, கல்யாணப் பதிவு என்று எல்லாமே ஒரு காலத்தில் அந்த ஒரே கட்டடத்தில் நடந்ததால், ஊர் சின்னதாக இருந்தாலும் கோர்ட்டைப் பெரிதாகக் கட்டிவிடுவார்கள். டிகேட்டர் கவுண்டிக்கான இந்தக் கோர்ட்டை 1854இல் ஆரம்பித்து 1860இல் முடித்திருக்கிறார்கள். வடிவமைத்தவர் எட்வின் மே. பின்னாளில் இண்டியானாபோலிஸில் இருக்கும் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவரும் இவரேதான், ஆனால் அது 1888இல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை, 1880இலேயே போய்விட்டார். கிரீன்ஸ்பர்க் கோர்ட் செங்கல் கட்டடம். கோபுரம் இல்லாமல் பார்த்தால் அந்தப் பக்கத்து மற்ற கோர்ட்டுகளிலிருந்து பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

1870 வாக்கில்தான் கோபுரத்தில் ஒரு துளிர் தெரிந்திருக்கிறது. அப்புறம் இன்னும் சில. கூரை கெட்டுவிடும் என்று பயந்து 1888இல் உயரக் கட்டடங்களில் ஏறி வேலை செய்கிற ஆளைப் பிடித்துச் சிலவற்றை அகற்றினார்கள். பயம் நமக்கு இருக்கிற அதே பயம்தான், ஆனால் முழுக்க அகற்ற மனசு வரவில்லை பாருங்கள், இரண்டை விட்டுவைத்தார்கள். அதில் ஒன்று கிட்டத்தட்ட 15 அடி வளர்ந்தது, அடிமரமே 5 அங்குலத்துக்குப் பக்கத்தில் பருமன். அது பட்டுப்போவதற்குள் இன்னொன்று தலைகாட்டிவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு மரமாவது அங்கே இல்லாமல் இருந்ததில்லை. பட்டுப்போன பழைய மரத்தைக்கூட எறியாமல் கவுண்டி வரலாற்றுச் சங்கத்தின் காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

சரி, என்ன மரம்? இதில்தான் ஊர் ரொம்ப நாள் ஒத்துப்போகவில்லை. பலர் ஆஸ்பென் என்றார்கள். ஸ்மித்சோனியன் என்ற அமெரிக்க அருங்காட்சியக, ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் மல்பெரி என்று சொன்னார்கள், அதாவது நம் முசுக்கட்டை. எனக்கு இந்தச் சண்டை பிடித்ததற்குக் காரணம், எந்த மரம் என்பதைப் பொறுத்து அது மேலே ஏறிய கதையே மாறிவிடுகிறது. ஆஸ்பென் விதை பஞ்சோடு காற்றில் பறப்பது, மல்பெரி என்றால் பழம் தின்ற பறவையின் எச்சத்தில் வந்திருக்க வேண்டும். கோபுரத்தில் பறவைகள் உட்காராத ஊர் ஏது, நான் பறவைக் கட்சி. தண்ணீருக்கு என்ன செய்கிறது என்றும் கேட்கலாம். இடுக்கில் சேர்கிற தூசும் சருகும் மட்கி, மழையில் நனைந்த ஈரம் கொஞ்சம் அதில் தங்கினால் போதும், அரச மரத்துக்கும் மல்பெரிக்கும் அதற்கு மேல் வசதி தேவையில்லை.

அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம், போனில் எடுத்த படத்தில் மரம் ஒரு கைப்பிடிப் புல் மாதிரிதான் தெரிகிறது. அம்மாவுக்கு அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்திருப்பாள் போல, ஒரு நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது: “கோர்ட்டுன்னு சொல்றே, அதை வெட்ட ஒரு ஆர்டர் போட ஆள் இல்லையாடா அங்க?”