வால்யூமைப் பெரிதாக்கியும் பழைய அளவே தெரிகிறதா?

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் கன்சோலில் இபிஎஸ் வால்யூமை, அதாவது சர்வரின் டிஸ்கை, 8 ஜிபியிலிருந்து 30 ஜிபி ஆக்கிவிட்டு, சர்வருக்குள் இட அளவைக் காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்துப் பார்த்தால் அதே 8 ஜிபிதான் நிற்கும். பதற வேண்டாம். டிஸ்க் மட்டுமே வளர்ந்திருக்கிறது. டிஸ்கின் பிரிவான பார்ட்டிஷனையும், அதற்குள் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டத்தையும் நாம்தான் தனித்தனியாக வளர்க்க வேண்டும். சர்வரை நிறுத்தாமலே செய்துவிடலாம்.

அளவை மாற்றுவதற்கு முன்பே ஸ்னாப்ஷாட் (வால்யூமின் காப்பு நகல்) எடுத்துவிடுங்கள். இபிஎஸ் வால்யூமைப் பெரிதாக்கலாம், திரும்பச் சுருக்க வழியில்லை. மாற்றிய பிறகு நிலை ‘ஆப்டிமைசிங்’ என்று வந்தாலே போதும், வேலையைத் தொடரலாம்.

டிஸ்குகளையும் பார்ட்டிஷன்களையும் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே அடித்துப் பாருங்கள். டிஸ்கான என்விஎம்இ0என்1 எதிரே 30ஜி, அதன் கீழ் பார்ட்டிஷனான என்விஎம்இ0என்1பி1 எதிரே 8ஜி என்றால் பார்ட்டிஷன் பழையபடியே இருக்கிறது. அதை வளர்ப்பது க்ரோபார்ட் கட்டளை. அதில் டிஸ்கின் பெயர், ஓர் இடைவெளி, பிறகு பார்ட்டிஷன் எண் 1. அந்த இடைவெளியில்தான் பலரும் தவறுகிறார்கள். பார்ட்டிஷன் பெயரைச் சேர்த்தே கொடுத்தால் வேலைக்கு ஆகாது. ‘நோசேஞ்ச்’ என்று வந்தால், பார்ட்டிஷனை ஒட்டினாற்போல் பின்னால் காலி இடம் இல்லை என்று பொருள். ஸ்வாப் பார்ட்டிஷன் (ரேமுக்குத் துணையாக டிஸ்கில் ஒதுக்கிய இடம்) குறுக்கே இருக்கிறதா என்று பாருங்கள். உபுண்டு கிளவுட் இமேஜில் தெரியும் 14, 15 எண் பார்ட்டிஷன்கள் தடையே இல்லை; எண்தான் பெரிது, டிஸ்கில் அவை நாம் வளர்க்கும் ரூட் பார்ட்டிஷனுக்கு முன்னால் இருக்கின்றன.

இனி ஃபைல் சிஸ்டம். எந்த வகை என்று டிஎஃப் -டி (பெரிய எழுத்து டி) சொல்லிவிடும். இஎக்ஸ்டி4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளை, பார்ட்டிஷன் பெயருடன். எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_க்ரோஎஃப்எஸ் கட்டளை, மவுண்ட் ஆன (ஃபைல் சிஸ்டம் இணைக்கப்பட்டிருக்கும்) டைரக்டரியின் பெயருடன். ‘பேட் மேஜிக் நம்பர்’ என்று வந்தால் பெரும்பாலும் எக்ஸ்எஃப்எஸ் மேல் ரீசைஸ்2எஃப்எஸ்ஸை ஓட்டியிருப்பீர்கள். டேட்டாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

உண்மையில் கை கட்டிப்போடுவது டிஸ்க் 100% நிரம்பிய நிலைதான். க்ரோபார்ட் தன் தற்காலிகக் கோப்புகளை டெம்ப் டைரக்டரியில் எழுதும். எழுத இடமில்லாமல் அதுவே விழுந்துவிடும். அப்போது டெம்ப் மீது 10 எம்பி டெம்ப்எஃப்எஸ் (ரேமிலேயே இயங்கும் தற்காலிக ஃபைல் சிஸ்டம்) மவுண்ட் செய்தால் அந்த எழுத்து ரேமுக்குப் போய்விடும், க்ரோபார்ட்டும் ஓடும். முடிந்த கையோடு அன்மவுண்ட் செய்யுங்கள். அதுவரை டெம்பில் ஏற்கனவே இருந்த கோப்புகளும் சாக்கெட்டுகளும் (புரோகிராம்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழிகள்) மறைந்தே இருக்கும். அவற்றைத் தேடும் சர்வீஸ்கள் தடுமாறும்.