நாலு விரல் பின்னால, ரெண்டு விரல் மேல

தோள்பட்டை வலிக்கு எண்ணெய் தேய்க்கப் போன இடத்தில்தான் இது தொடங்கியது. தக்கலைப் பக்கம் ஒரு வர்ம ஆசான், எழுபது தாண்டியவர். ரெண்டு நாள் தடவிப் பார்த்தார். மூணாம் நாள், "வண்டிய காட்டு" என்றார்.

முற்றத்தில் நின்ற என் குரூஸர் பைக்கை ஒரு சுற்று சுற்றி வந்தார். "ஏறி இரி மக்கா. கண்ண மூடு. கைய எங்க வைக்கத் தோணுதோ அங்க வை." வைத்தேன். கண்ணைத் திறந்தால் என் ரெண்டு கையும் கிரிப்பைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கின்றன. வர்மப் புள்ளிக்கு விரல்கடை வைத்து அளப்பார்களே, அதே மாதிரி கிரிப்பிலிருந்து என் கை வரைக்கும் அளந்தார். "நாலு விரல் பின்னால, ரெண்டு விரல் மேல. தெனமும் எட்டிப் புடிச்சா தோளு பின்ன வலிக்காதா?"

என் உயரம் ஐந்தடி நாலங்குலம். குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் போய்வர தினமும் அறுபது கிலோமீட்டர் சொச்சம். குரூஸரில் கால் முன்னால் நீண்டிருக்கும். கல் ஏற்றிய டாரஸ் லாரிகள் உழுது போட்ட ரோட்டில் குழி வந்தால், மற்ற வண்டியில் செய்வதுபோல ஃபுட்பெக்கில் லேசாக எழும்ப முடியாது. அடி முழுக்க நடுமுதுகுக்கு. கையையும் எட்டிப் பிடித்தால் கூன் விழுந்து அந்த அடி இன்னும் உறைக்கும்.

அளவு கையில் இருந்தும் முதலில் முட்டாள்தனமாகத்தான் வாங்கினேன். உயரம் கூடினால் சொகுசு கூடும் என்று 50 மில்லிமீட்டர் நேர் ரைசர், அதாவது ஹேண்டில்பாரை உயர்த்த அதன் அடியில் வைக்கும் கட்டை. ஆன்லைன் படத்தில் கம்பீரமாக இருந்தது, அதுவும் ஒரு காரணம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் சாய்ந்திருப்பதால் நேர் ரைசர் போட்டாலும் ஹேண்டில்பார் கொஞ்சம் பின்னால் வரத்தான் செய்யும். ஆனால் 50 மில்லிக்கு அது ஒரு விரல்தான். உயரம் கிடைத்துவிட்டது. எனக்கு வேண்டியிருந்த நெருக்கம் கிடைக்கவில்லை.

அதைவிட மோசம் கேபிள். மாட்டி முடித்து, இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினேன். ஆக்ஸிலேட்டரை நான் தொடவே இல்லை, வண்டி தானாக உறுமியது. த்ராட்டில் கேபிள் இழுபட்டு ஐடில் ஏறுகிறது. நட்டநடு வளைவில் இது நடந்தால் என்ன ஆகும்? வலது பக்கம் திருப்பினால் கிளட்ச் லிவரில் இருந்த லூஸ் காணாமல் போகிறது. முன் பிரேக் ஹோஸோ துணி காயப்போடும் கொடி மாதிரி விறைத்து நிற்கிறது. நீளமான ஹோஸ் போடலாம்தான். ஆனால் ஏபிஎஸ் வண்டியில் ஹோஸைக் கழற்றினால் காற்றெடுக்கவும் சேர்த்து ஒரு நாள் வேலை. அன்று ராத்திரியே கழற்றிவிட்டேன். ரைசர் போடுகிறவர்கள் வண்டியை ரோட்டுக்கு எடுப்பதற்கு முன்னால் இந்த ஒரு சோதனையையாவது வீட்டு முற்றத்தில் செய்துவிடுங்கள், ரெண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி.

ரெண்டாவது தடவை வெர்னியர் அளவுகோலோடு உட்கார்ந்தேன். ஹேண்டில்பார் தடிமன் 22 மில்லி. தடித்த பாருக்கு 28 மில்லி என்று வரும், அந்த ரைசரை இதில் இடைவெளிக்குத் தகடு (ஷிம்) வைத்து ஒப்பேற்றும் வேலை வேண்டாம். லேத் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான், "ஒரு அலுமினியம் ராடு கெடக்கு, கடஞ்சு தாறேன் அத்தான்" என்றான். என்ன கிரேடு என்று கேட்டேன். "அலுமினியம்தான்" என்றான். கும்பிடு போட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் வாங்கியது புல்பேக் ரைசர்: 25 மில்லி மேலே, 30 மில்லி பின்னால். கூட வந்த போல்ட்டின் தலையில் வலிமையைக் குறிக்கும் எந்த எண்ணும் இல்லை. ஆலன் கீ போட்டு இறுக்கும்போதே ஓட்டை வழுக்கி வட்டமாகத் தொடங்கியது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 8.8 என்று பொறித்த போல்ட் வாங்கினேன். நீளமும் முக்கியம். அலுமினியத்துக்குள் மரை, போல்ட் தடிமனைப் போல ஒன்றரை மடங்காவது இறங்கியிருக்க வேண்டும். வாரக்கடைசியில் முட்டம், குளச்சல் என்று கடலோரம் சுற்றுகிறவன் நான். உப்புக்காற்றில் இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் என்பதால் மரையில் கொஞ்சம் கிரீஸும் தடவினேன்.

பிறகு ஹேண்டில்பாரையே கிளாம்புக்குள் லேசாக என் பக்கம் சுழற்றினேன். சுழற்றினால் கிரிப் நெருங்கும், கூடவே தாழும். அந்தத் தாழ்வை ரைசர் ஈடு செய்தது. சுவிட்ச் பாக்ஸுக்குள் இருக்கும் குட்டி முளை பாரில் உள்ள துளையில் உட்கார்ந்திருப்பதால் அதுவும் சேர்ந்து திரும்பும். கிளட்ச், பிரேக் லிவர்களை மட்டும் முன்கை நேருக்கு மறுபடி திருப்பி வைத்தேன். கிளட்ச் கேபிளை ஒரு கிளிப்பிலிருந்து விடுவித்ததில் நீளம் சரியாக வந்தது. நூறு கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளைப் பார்த்ததில், ஒன்று கால் சுற்று உள்ளே போனது.

மொத்தத்தில் மூணு விரல் பின்னால், முக்கால் விரல் மேலே. ஆசான் சொன்ன கணக்கு முழுசாக வரவில்லை. தோள் வலி போய்விட்டது, மணிக்கட்டு மரத்துப்போவதும் நின்றுவிட்டது.

புது வில்லங்கம் ஒன்று வந்திருக்கிறது. ஆடி மாதம் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன். ஆரல்வாய்மொழி தாண்டியதும், முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று என் மேல் மோதியது. முன்பு கூனி உட்கார்ந்ததில் பாதிக் காற்று தலைக்கு மேலே போய்விடும். இப்போது நிமிர்ந்து பாய்மரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. எண்பதிலிருந்து அறுபதுக்கு இறங்கினேன். 50 மில்லியோடு வந்திருந்தால் என்று நினைக்கவே வெப்ராளமாக இருந்தது.

வள்ளியூரில் டீக்கு நிறுத்தியபோது கை ரெண்டையும் உதறிக்கொண்டு மனைவியிடம் கேட்டேன், "காத்து ரொம்பப் படுத்திச்சா?"

"காத்தா? எங்க?" என்றாள்.