மறுபடி பறந்தது பைப்பர்

எங்கள் பைப்பர் ஜே-3 போன வாரம் மறுபடி பறந்தது. 1946-இல் செய்த விமானம், முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரலாம், மின்சாரம் என்று ஒன்றுமே கிடையாது, 65 குதிரைத்திறன் கான்டினென்டல் இன்ஜினைக் கையால் புரொப்பல்லரைச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். இந்த முறை இன்ஜினை முழுக்கப் பிரித்து ஓவர்ஹால் செய்தோம், இறக்கைத் துணியை உரித்துவிட்டுப் புதிதாகப் போர்த்தினோம், கன்ட்ரோல் கேபிள்களும் புதுசு. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "இனிமே கவலையே இல்லை" என்றார்கள். எனக்குக் கவலை அப்போதுதான் கூடியது. பழகின விமானம் நேற்று எப்படிப் பறந்தது என்று எனக்குத் தெரியும், பிரித்து மாட்டின விமானம் இன்னும் ஒருமுறைகூடப் பறக்கவில்லை.

இது வெறும் பயம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் வாடிங்டன் என்ற உயிரியலாளர் பழுதுக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். எதிர்பாராத பழுதுகள் அதிகம் வந்தது சர்வீஸ் முடிந்த உடனே, பறக்கப் பறக்க அது குறைந்துகொண்டே போனது. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக் உயிர்விட்டதும் இப்படித்தான்: 1947 ஆகஸ்டில் அவர் ஏறிய அவ்ரோ டியூடரில் ஐலரான்களை, அதாவது இறக்கையின் பின் ஓரத்தில் மேலும் கீழும் அசைந்து விமானத்தைச் சாய்க்கிற பலகைகளை, இடம் வலம் மாற்றி இணைத்திருந்தார்கள், கிளம்பிய கொஞ்ச நேரத்தில் விழுந்துவிட்டது.

அதனால் பறப்பதற்கு முன்னால், விமானத்தைச் சாய்க்கிற ஸ்டிக்கைப் பிடித்துக் கட்டைவிரலை மேலே நீட்டிக்கொண்டு இடப்பக்கம் சாய்ப்பேன். விரல் சாய்ந்த பக்கத்து ஐலரான் மேலே எழும்ப வேண்டும். மெக்கானிக் அண்ணன் ஏற்கெனவே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார், ஆனாலும் "நீயும் பாரு, நான் வெளியே நின்னு சொல்றேன்" என்று அவரே வந்து நின்றார். நல்ல மெக்கானிக்குக்கு இது அழகு.

துணி வேலையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இறக்கையை நிமிர்த்தி நிறுத்தி, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நீளமான ஊசியில் மெழுகு பூசின நூலைக் கோத்து இங்கிருந்து குத்தினால் அங்கிருப்பவர் வாங்கி, இறக்கைக்குள் விலா எலும்பு மாதிரி இருக்கும் சட்டத்தைச் சுற்றித் திருப்பி அனுப்புவார், ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. தைப்பதற்கு முன்பே பாலியெஸ்டர் துணியை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கிச் சுருங்க வைத்திருந்தோம், தட்டினால் மத்தளம் மாதிரி அதிரும். இதைச் செய்த பிறகு இறக்கையைப் பார்க்கிற பார்வையே வேறு.

சரி, இன்ஜின். புது சிலிண்டர், உள்ளே ஓடும் பிஸ்டனைச் சுற்றிப் புது ரிங். புதுசாயிற்றே என்று மெதுவாக ஓட்டத்தான் யாருக்கும் மனசு வரும், அதுதான் கெடுதல். சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட நுண்கோடுகளில் ரிங்குகள் உரசி உட்கார வேண்டுமென்றால் உள்ளே நல்ல அழுத்தம் வேண்டும். சக்தி குறைவாக ஓட்டினால் ஆயில் சுவரிலேயே வெந்து வழவழப்பாகப் படிந்துவிடும், அப்புறம் அந்த இன்ஜின் காலத்துக்கும் ஆயில் குடிக்கும். அதனால் சேர்க்கை இல்லாத மினரல் ஆயில், தரையில் முடிந்தவரை குறைவான ஓட்டம், மேலே போனதும் நல்ல பவர்.

தனியாகத்தான் போனேன், ஜே-3-இல் தனியாகப் பறப்பவர் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும். த்ராட்டிலை முழுக்கத் தள்ளியதும் வால் எழும்பி, நான் எதிர்பார்த்ததற்கு முன்பே சக்கரம் தரையை விட்டுவிட்டது. ரன்வேயை விட்டு விலகாமல் 2,000 அடிக்கு மேலே வட்டம் போட்டேன், இன்ஜின் நின்றாலும் சறுக்கி வந்து இறங்கிவிடலாம். இன்ஜின் சுற்றை நிமிடத்துக்கு 2,150-க்குக் கீழே விடவில்லை. கண் ஆயில் பிரஷர் முள்ளிலேயே இருந்தது. பெட்ரோல் அளவுக்கு இதில் மீட்டர் கிடையாது, கண்ணாடிக்கு முன்னால் டேங்க் மூடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிதான், அடியில் தக்கை மிதக்கும், பெட்ரோல் குறையக் குறையக் கம்பி இறங்கும். பயம் போனதும் பக்கக் கதவைத் திறந்துவிட்டேன், காற்றும் இன்ஜின் சத்தமும் ஒன்றாக உள்ளே வந்தன, இத்தனை மாதம் காத்திருந்தது இதற்காகத்தான் என்று வாய்விட்டுச் சிரித்தேன்.

இறங்கியதும் இன்ஜின் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். சிலிண்டர் தலையில் வால்வுகளை மூடும் ஒரு ராக்கர் கவரின் கேஸ்கெட்டில் லேசான ஆயில் கசிவு. இடது இறக்கை கொஞ்சம் கனமாக இழுத்தது, அதை இறக்கையைத் தாங்கும் பின்பக்கக் கம்பியின் முனைத் திருகில் சரிசெய்துகொள்ளலாம். இரண்டும் சின்ன வேலை. ஆயில் குறைவது ஒரே அளவில் நின்றால் ரிங் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம், அதுவரை முன் சீட்டில் யாரையும் ஏற்றுவதாக இல்லை. முதல் ஆள் தான்தான் என்று தங்கை இப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.