கொம்பு முன்னால, சத்தம் பின்னால

சின்னவனுக்கு ஆறு வயசு. க, கா, கி, கீ என்று கௌ வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பிப்பான். எனக்கும் பெருமைதான். ஒருநாள் அட்டவணையில் 'கே'யை மட்டும் தொட்டு, "இது என்னடா?" என்றேன். வாய்க்குள்ளேயே 'க'விலிருந்து முணுமுணுத்து வந்து எட்டாவதில் நிறுத்தினான். "கே!" பையன் எழுத்தையே பார்த்ததில்லை, பாட்டைத்தான் படித்திருக்கிறான்.

இங்கே மலேசியாவில் தாடிக்காவில், அதாவது பாலர் பள்ளியில், மலாய் படிக்கிறான். அதில் இடப்பக்கம் தொடங்கி வரிசையாகச் சத்தம் போட்டால் சொல் வந்துவிடும். தமிழில் 'கே' எழுதினால் முதலில் நிற்பது இரட்டைக்கொம்பு, அதன் சத்தமோ க்-குக்குப் பிறகு. 'கோ'வில் முன்னால் அதே கொம்பு, பின்னால் கால். கொம்பைக் கண்டதும், "அப்பா, இதுக்கு என்ன சத்தம்?" என்று நின்றுவிடுவான். தனியாக அதற்குச் சத்தமே இல்லை. முப்பது வருஷமாகப் படிக்கிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை.

மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து வந்த காலையில் மைலோ பெட்டியை வெட்டினேன். ஒரு துண்டில் இரட்டைக்கொம்பு, ஒன்றில் கால், நடுவில் மாற்றி மாற்றி வைக்க ச, த, ப, ம. 'சோ' வந்ததும் "சோறு!" என்றான். 'தோ' வந்ததும் "தோட்டம்!" 'போ'வைப் படித்துவிட்டு அரை நாள் எங்கள் அம்மாவை "போ, போ" என்று விரட்டினான், அடி வாங்காதது அதிர்ஷ்டம்.

ப-வில் இன்னொரு தகராறு. மலாயில் 'பல்'லில் வரும் சத்தத்துக்கு ஒரு எழுத்து (p), 'பஸ்'ஸில் வரும் சத்தத்துக்கு வேறு (b). தமிழில் ரெண்டுக்கும் ஒரே ப. "எப்படித் தெரியும்?" என்றான். "உனக்கு பஸ் தெரியும்ல? அதான்." வேறென்ன சொல்ல? வாயில் இல்லாத சொல்லைக் கண் மட்டும் படித்துவிடாது. அதனால் இப்போதெல்லாம் மோட்டார் சைக்கிளில் போகும்போது கண்டதையும் பேசிக்கொண்டே போகிறோம்: செம்பனைக் குலை, லோரி, பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை.

போன வாரம் அம்மா தன் பழைய பக்திப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அதில் 'லை'க்கு யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி இருந்தது. 1978-இல் தமிழ்நாட்டில் நடந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. "எங்க காலத்துல 'லை'யில கொம்பு தனியா நிக்காது, எழுத்தோட ஒட்டிக்கிட்டிருக்கும்" என்றார். பையனுக்குக் கொண்டாட்டம். மலை, இலை, தலை, எல்லாவற்றிலும் யானை வரைகிறான். அடுத்த வருஷம் ஒன்றாம் ஆண்டு. வாத்தியாரம்மா அந்த நோட்டைப் பார்த்து யாரைக் கூப்பிடுவார், என்னையா, அம்மாவையா?