அம்பாசடரில் ஸ்பார்க் இல்லை

8-2-2025, சனி

1489 சிசி பெட்ரோல் இன்ஜின். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் பாகம்) மூடியிலிருந்து காயிலின் (12 வோல்ட்டைப் பொறிக்கான உயர் வோல்ட்டாக மாற்றும் சுருள்) நடு ஒயரை உருவி, முனையை பிளாக்கிலிருந்து 6 மி.மீ. தள்ளிக் கட்டிச் சுற்றினால் பொறியே இல்லை. எனவே பிளக், பிளக் ஒயர், மூடி, ரோட்டர் எதையும் இப்போது தொட வேண்டாம். கோளாறு அதற்கு முன்னால்.

இந்த இடத்தில்தான் பலர் புது காயிலும் கன்டென்சரும் (மின்தேக்கி) வாங்கிக் காசைத் தொலைக்கிறார்கள். ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் போதும். கிளிப் எர்த்தில் (வண்டியின் இரும்பு பாடியில்), சாவி ஆன். காயிலுக்கு சாவியிலிருந்து வரும் முனையில் பல்பு எரிந்தது, லைன் சரி. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில், இன்ஜின் சுற்றும்போது பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்டை எர்த்துக்கு விட்டு வெட்டும் சுவிட்ச்) திறந்தால் எரிந்து, மூடினால் அணைய வேண்டும். இங்கே அணையவே இல்லை. கரண்ட் காயிலைத் தாண்டி வருகிறது, எர்த்துக்குப் போக வழியில்லை.

எரியவே இல்லை என்றால் வேறு கதை: காயில் உள்ளே அறுந்திருக்கும், அல்லது கன்டென்சர் ஷார்ட், அல்லது பாயிண்டை எர்த்திலிருந்து பிரிக்கும் ஃபைபர் வாஷர் மாறி மாட்டியிருக்கும்.

9-2-2025, ஞாயிறு

பாயிண்டை நைஸ் அரத்தால் தேய்த்துத் துடைத்தும் அதே நிலை. டிஸ்ட்ரிபியூட்டர் முனையிலிருந்து எர்த்துக்கு ஒரு துண்டு ஒயரைத் தொட்டு எடுத்ததும் நடு ஒயரில் மெலிசாகப் பொறி. காயில் உயிரோடு இருக்கிறது. எங்கோ ஒயர் அறுந்திருக்க வேண்டும்; கன்டென்சரும் அந்த இடத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதால் பொறி மெலிசாகத்தான் வரும். அதை வைத்துக் காயிலைக் குறை சொல்லக் கூடாது.

சாவியை ஆஃப் செய்து, டிஸ்ட்ரிபியூட்டர் முனைக்கும் பாயிண்ட் ஸ்பிரிங்குக்கும் நடுவே மீட்டர் வைத்தால் தொடர்பு இல்லை. உள்ளே போகும் குட்டி ஒயரை லேசாக அழுத்தினால் வருகிறது, விட்டால் போகிறது. மேலுறை புதுசு போல இருக்க, உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. வேக்குவம் அட்வான்ஸ் (இன்ஜின் உறிஞ்சும் வேகத்தில் பொறியை முன்தள்ளும் பாகம்) இழுக்கும்போதெல்லாம் பாயிண்ட் பிளேட் திரும்பும். ஒயர் அதே இடத்தில் மடங்கி மடங்கி அறுகிறது. பிளேட்டை பாடியோடு சேர்க்கும் எர்த் ஒயருக்கும் இதே வியாதி வரும். இரண்டையும் மாற்றுவதே நல்லது.

11-2-2025, செவ்வாய்

வீட்டு வயரிங் ஒயர் இங்கே தாங்காது, இழை தடிமன். மீட்டர் புரோபில் வருவது போன்ற நுண்ணிழை சிலிகான் ஒயரே சரி. பிளேட் முழுதும் திரும்ப இடம் கொடுத்து, கேமில் (பாயிண்டைத் தள்ளித் திறக்கும், முனைகள் கொண்ட சுழல் தண்டு) உரசாத நீளம்.

பாயிண்டின் ஹீல் (கேமில் உரசும் பகுதி) கேம் முனையில் ஏறி நிற்கும்போது இடைவெளி 0.015 அங்குலம் (0.014 முதல் 0.016 வரை சரி). கேமில் அரிசி அளவு கிரீஸ், அதற்கு மேல் போனால் பாயிண்டில் தெறிக்கும். பாயிண்ட் மூடியிருக்கையில் சாவியை ஆனில் விட்டுவைக்காதீர்கள்: சுமார் 3 ஓம் காயிலில் 4 ஆம்பியர் ஓடிக் கொதிக்கும்.

இப்போது 6 மி.மீ.க்கு நீலப் பொறி பாய்கிறது. இடைவெளியைத் தொட்டதால் டைமிங்கும் (பொறி விழும் நேரம்) மாறியிருக்கும். அதே லேம்ப் எரியத் தொடங்கும் புள்ளியை வைத்து அதையும் சரிபார்த்த பிறகே மூடியைப் போட வேண்டும்.